சன்னலில் நின்றவள்

வெள்ளைக் கோட்டு ஒன்று கைக்கு வந்தால் மடிப்பு அக்காவின் விரல்கள் முதலில் அதன் பைகளுக்குள்தான் நுழையும். மேல் பை, இடது பை, வலது பை. பேனா, ஊசி மூடி, பாதி தின்று காகிதத்தில் சுற்றி வைத்த மிட்டாய், யாரோ யாருக்கோ எழுதிக் கொடுக்காமல் விட்ட துண்டுச் சீட்டு. எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்திலிருக்கும் தகர டப்பாவில் போடுவாள். சீட்டை மட்டும் பிரிக்க மாட்டாள். "அடுத்தவங்க பையில கை விடறதே தப்பு. கண்ணையும் விடணுமா?" என்பாள்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது சலவைப் பிரிவு. ஆறு இயந்திரங்கள், இரண்டு உலர்த்திகள், எந்நேரமும் நீராவி. சுவரில் கை வைத்தால் ஈரம். தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே, தெருவைப் பார்த்து ஒரு கம்பிச் சன்னல். அதில் போகிறவர் வருகிறவர் கணுக்கால் மட்டும் தெரியும். முப்பத்தொரு வருடமாக அக்கா வெளியுலகத்தைக் கணுக்காலாகவே பார்த்து வருகிறாள். "பெரிய டாக்டர் வந்துட்டாரு, வேலையப் பாருங்க" என்பாள். எப்படித் தெரியும் என்றால், "அவரு வலது குதிகால தேய்ச்சுத் தேய்ச்சு நடப்பாரு" என்பாள்.

கட்டில் விரிப்பை மடிக்க மற்றவர்களுக்கு இரண்டு பேர் வேண்டும். அக்காவுக்குத் துணை வேண்டாம். நடுமுனையைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் இருபக்க முனைகளைச் சேர்த்து, ஒரு உதறு. துணி தானாகவே நாலாகிவிடும். புதிதாகச் சேரும் பெண்களிடம், "கடவுள் மூணு கை குடுத்திருக்காரு. மூணாவது இங்க இருக்கு" என்று தாடையைத் தட்டிக் காட்டுவாள். அதனால்தான் மடிப்பு அக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

வயது ஐம்பத்தெட்டு. நீலக் கோட்டு. தலைமுடி துணிகளில் விழக்கூடாது என்பதற்காகப் புருவம் வரை இறக்கிக் கட்டிய வெள்ளைத் துண்டு. வெந்நீரிலும் சோடாவிலும் ஊறிய கைகள் மட்டும் உடம்பின் மற்ற பகுதியைவிடப் பத்து வயது மூத்தவை. யாராவது, "அக்கா, சின்ன வயசுல நீங்க ரொம்ப அழகா இருந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டால் போதும், முகம் இறுகிவிடும். "மூஞ்சிதானே, கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையை அவிழ்ப்பாள்.

இன்னொன்றும் உண்டு. நின்றுகொண்டே தூங்கத் தெரிந்தவள் அவள். மதியம் உலர்த்தி ஓடும் இருபது நிமிடத்தில் சுவரில் சாய்ந்து நிற்பாள். கண் திறந்துதான் இருக்கும். கூப்பிட்டால் பதில் வராது.

அவளுக்கும் எனக்கும் அறிமுகம் ஏற்பட்டது என் அண்ணனின் பல்லால். விளம்பரப் பலகை மாட்டுகிறவன் என் அண்ணன். ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்ட நிலையில் ஏழு வாரம் ஆண்கள் வார்டில் கிடந்தான். அவனுடைய இரண்டு செயற்கைப் பற்கள் தலையணை உறையோடு சலவைக்குப் போய்விட்டன. நான் அடித்தளத்துக்கு இறங்கிப் போய்க் கேட்டேன். அக்கா டப்பாவைக் கிளறி, துணியில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தா, உங்க அண்ணன் சிரிப்பு. பத்திரமா கொண்டு போ" என்றாள். பிறகு தினமும் மாலையில் வார்டுக்குப் போகும் வழியில் நான் கீழே எட்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

மூன்றாவது வாரம் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு முதியவர் வந்து சேர்ந்தார். நுரையீரலில் நீர். உட்கார்ந்தபடிதான் மூச்சுவிட முடிந்தது. கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் பெயரைப் படித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். கவிஞர். நான் கல்லூரியில் பாடமாகப் படித்த 'சன்னலோரத்துச் சாந்தம்' என்ற கவிதையை எழுதியவர். நாற்பது ஆண்டுக்கு முந்தைய கவிதை. இன்றைக்கும் மேடைகளில் பாடுகிறார்கள், கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடிக்கிறார்கள்.

மூன்றாம் மாடிச் சன்னலில் அவள்.
உள்ளே வரலாமா என்று
வெயில் வெளியே நின்று கேட்கிறது.

ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில்,
பாதி ஆட்டத்தில் தாளம் மறந்தவளாய்.
இடப்புருவத்தின் மேல் ஒரு கீற்று;
நிலவுக்கும் உண்டு ஒரு கீறல்.

துயரம் என்ற சொல்லை
இந்த நெற்றி இன்னும் படிக்கவில்லை.

அந்தத் தலைமுறைக் கவிஞர்கள் பலருக்கும் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தால் போதும், அவள் மனத்தை முழுவதும் படித்துவிடுவார்கள். கண் தெளிவாக இருந்தால் உள்ளம் தெளிவு. நெற்றி மடிப்பில்லாமல் இருந்தால் வாழ்க்கை மடிப்பில்லாதது. பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. கேட்டால் கவிதை கெட்டுப்போகும். அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. 'இக்கவிதையில் தலைவியின் புறஅழகு அவள் உள்ளத்தின் தூய்மையை எவ்வாறு புலப்படுத்துகிறது?' என்று தேர்வில் கேட்டபோது, 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று தொடங்கி நாலு பக்கம் எழுதினேன். பதினைந்துக்குப் பதினாலு வாங்கினேன்.

கீழே போய் அக்காவிடம், "எங்க வார்டுல ஒரு பெரிய ஆள் வந்திருக்காரு" என்று பெயரைச் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த விரிப்பு அவள் தாடையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. தரையில் விழுந்த துணியை மறுபடி துவைக்க வேண்டும். அவள் அதை எடுக்காமல் நின்றாள்.

"எந்தக் கட்டில்?" என்று கேட்டாள்.

வேலை முடிகிற நேரம், நாலு மணி. கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னோடு மேலே வந்தாள். கவிஞர் தலையணைகளில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா கால்மாட்டில் நின்று பார்த்தாள். முகத்தை, கைகளை, திறந்திருந்த வாயை. "இவருதானா?" என்றாள். "ஆமா அக்கா" என்றேன். "குடை மாதிரி மடங்கிட்டாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். படியிறங்கும்போதுதான் எனக்குச் சொன்னாள், அந்தச் சன்னலில் நின்ற பெண் அவள்தான் என்று.

நான் நம்பவில்லை. அவளும் நம்பச் சொல்லவில்லை. படிக்கட்டின் திருப்பத்தில் நின்று, செய்தி வாசிப்பது போன்ற குரலில் சொன்னாள்.

"எனக்கு அப்ப பதினெட்டு. அம்மா இல்ல. தம்பிக்குப் பதினாறு. காய்ச்சல்னு கொண்டு வந்து சேர்த்தோம். இதே ஆஸ்பத்திரி, பழைய கட்டடம், மூணாவது மாடி. மூணு ராத்திரி நான் கண்ண மூடல. நாலாவது நாள் சாயங்காலம் நர்ஸ், கீழ போய் ஒரு மருந்து வாங்கிட்டு வா, ஓடுன்னாங்க. ஓடினேன். திரும்பி ஏறும்போது செருப்பு வார் அறுந்துபோச்சு. கையில எடுத்துக்கிட்டு ஏறினேன். போய்ச் சேர்ந்தா, போர்த்தி வச்சிருக்காங்க."

கீழே யாரோ தள்ளுவண்டி தள்ளிப்போன சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அப்பாவுக்கு மில்லுல வேலை. ரெண்டு தெரு தள்ளி. ஏழு மணிக்குத்தான் விடுவாங்க. நர்ஸ் சொன்னாங்க, யாரையாவது அனுப்பி அப்பாவக் கூட்டிட்டு வா, ஒரு மணி நேரம்தான் இங்க வச்சிருக்க முடியும், அப்புறம் கீழ கொண்டு போயிடுவோம்னு. நான் போலாம்னா, நான் இல்லாதப்ப தம்பியக் கொண்டு போயிட்டா? அனுப்பறதுக்கு ஆளும் இல்ல. சன்னல் பக்கம் போய் நின்னேன். தெருவுல தெரிஞ்சவங்க யாராவது போவாங்களான்னு பாத்துக்கிட்டே நின்னேன். நின்னுக்கிட்டே தூங்கிட்டேன்போல. உள்ள, அதே மாடியில, படிக்கட்டுப் பக்கம் ஒருத்தர் என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. கனவுல தெரியற மாதிரி தெரிஞ்சாரு. இவருகிட்டச் சொல்லலாமா, அப்பாவக் கூப்பிட்டு வருவாரான்னு நெனச்சேன். வாயே வரல. அவரு போயிட்டாரு."

மில் விட்டு அப்பா வந்தபோது உடலைப் பிணவறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மகனை அங்கேதான் பார்த்தார், இரும்பு மேசையில், காலில் சீட்டுக் கட்டிய நிலையில். பிறகு இருபத்திரண்டு வருடம் உயிரோடு இருந்தார். நல்ல மனிதர், கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. ஆனால் சாப்பிடும்போது, சட்டை மாட்டும்போது, சம்பந்தமே இல்லாத நேரத்தில், "ஒரு ஆளை அனுப்பியிருக்கலாமேம்மா" என்பார். கேள்விகூட இல்லை. சாகும் வருடம் வரை சொன்னார்.

கவிதையைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது பதினாறு வருடத்துக்கு முன்னால். மகள் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உரக்க மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மூன்றாம் மாடி, ஒரு செருப்பு கையில், இடப்புருவத்தின் மேல் கீற்று. அக்கா அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நல்லவேளை வெங்காயம். கண்ணு ஏன் கலங்கிச்சுன்னு அவ கேக்கல" என்றாள். மறுநாள் மகளிடம் சொன்னபோது அந்தப் பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாளாம். "அம்மா, நீ புத்தகத்துல வந்துட்ட" என்று. இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அவளைத் தவிர வேறு யாருக்கும் அக்கா சொல்லவில்லை, என்னைத் தவிர.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

மறுநாள் அவள் வந்தபோது கவிஞரைச் சுற்றி இரண்டு கல்லூரிப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். செய்தி எப்படியோ பரவிவிட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டு, கவிதையை அவர் வாயால் கேட்க வேண்டும் என்றார்கள். மூச்சுக்கு மூச்சு நின்று நின்று சொன்னார். 'நிலவுக்கும் உண்டு ஒரு கீறல்' என்ற இடத்தில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். "ஐயா, அவங்க நிஜமாவே இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"இருந்தா. ஒரு அரைமணி நேரம். அப்புறம் என்கூட வந்துட்டா" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார் கவிஞர்.

அக்கா அந்தப் பெண்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நீலக் கோட்டைக் கண்ட கவிஞர், "அம்மா, அந்தத் திரையக் கொஞ்சம் இழுத்து விடுங்க, வெயில் அடிக்குது" என்றார். அவள் போய் இழுத்துவிட்டாள். பெண்கள் போன பிறகும் அங்கேயே நின்றாள்.

"ஐயா, அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியணும்னு தோணலையா?"

கவிஞர் அவளை நிமிர்ந்து பார்த்தார். துப்புரவு வேலைக்கு வந்தவள் கேட்கும் கேள்வியா என்ற வியப்பு. ஆனால் பிரியமாகத்தான் பதில் சொன்னார். "வேண்டாம்மா. அவ அங்கயே நிக்கட்டும்."

"நாப்பது வருஷமா நின்னா கால் வலிக்காதா ஐயா?"

தொங்கும் காலோடு கிடந்த என் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். கவிஞரும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நர்ஸ் ஓடி வந்தாள். அக்கா கேட்க வந்ததைக் கேட்காமலே போனாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் மேலே வரவில்லை. நான் கீழே போனபோது, "பாவம், மூச்சுக்கே அல்லாடறாரு. இதப் போய் எதுக்குக் கேட்டுக்கிட்டு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அப்பாவும் பாவம்தான்" என்றாள். மூன்று விரிப்புகளை மடித்தாள். நாலாவதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "இன்னிக்கு வரேன்" என்றாள்.

வந்து, முதல் முறையாக முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கவிஞர் அன்று கொஞ்சம் தெளிவாக இருந்தார்.

"ஐயா, அன்னிக்கு நீங்க ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வந்தீங்க?"

"என்னிக்கு? ஓ, அதுவா. எங்க காலேஜ்ல ஒருத்தருக்குக் குடலிறக்க ஆபரேஷன். பாக்க வந்தேன்."

"கையில பச்சை மூடி போட்ட பிளாஸ்க் ஒண்ணு வச்சிருந்தீங்க."

கவிஞர் தலையணையிலிருந்து நிமிர்ந்தார். அந்தப் பிளாஸ்க் கவிதையில் இல்லை. அக்கா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். இடப்புருவத்தின் மேல், தோலோடு தோலாக மங்கிப்போன தழும்பு. அவர் கை கண்ணாடியைத் தேடியது. நான் எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பதினெட்டு வயதுப் பெண்ணை அந்த முகத்தில் தேடுகிறார் என்பது தெரிந்தது. கிடைக்கவில்லை என்பதும் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்துவிட்டது.

"மூஞ்சி போயிடுச்சு ஐயா. தழும்பு மட்டும்தான் மிச்சம்" என்றாள்.

பிறகு என்னிடம் படிக்கட்டில் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னாள். காய்ச்சல், மருந்து, அறுந்த வார், போர்த்தியிருந்த தம்பி. ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கவிஞர் பாதியிலேயே தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

"இல்லம்மா. இல்ல. அன்னிக்கு நான் பாத்த முகத்துல அப்படி ஒரு அமைதி. துக்கத்துல இருக்கற முகம் எனக்குத் தெரியாதா?"

"அது தூக்கம் ஐயா" என்றாள் அக்கா. "கண்ணு தொறந்து இருந்துச்சு, அவ்வளவுதான்."

வார்டில் யாரோ வானொலியின் குரலைக் குறைத்தார்கள். அண்ணன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எழுந்து போக முடியாதவன் வேறு என்ன செய்வான்?

"உங்களத் திட்ட வரல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ்வளவு நேரம் பாத்தீங்கல்ல. கிட்ட வந்து, என்னம்மா ஆச்சுன்னு ஏன் கேக்கல? ரெண்டு தெருதான். நீங்க போயிருந்தா எங்க அப்பா வந்திருப்பாரு."

கவிஞர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"கேக்கணும்னு தோணுச்சும்மா" என்றார். "ரெண்டடி எடுத்து வச்சேன். கிட்ட வந்தா கலைஞ்சிடும்னு பயமா இருந்துச்சு."

"என்ன கலைஞ்சிடும்?"

"நீ நின்ன அந்த நிலை."

அக்கா துண்டை எடுத்து உதறி நாலாக மடித்தாள். பிறகு மறுபடி பிரித்தாள். "கலைச்சிருக்கலாம் ஐயா. கலைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

அவள் எழுந்தபோது அவர், "தம்பி பேரு என்னம்மா?" என்று கேட்டார். சொன்னாள். அவர் அதை ஒருமுறை திருப்பிச் சொன்னார். அவர் சொன்ன விதம் சரியா என்று கேட்பதற்காக அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு துண்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலையே கவிஞர் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு எழுத வரும்ல? ஒரு தாளும் பேனாவும் எடு" என்றார். கவிதை முழுவதையும் எழுதச் சொன்னார். எனக்கு அது மனப்பாடம். எழுதிக் காட்டினேன். கடைசி இரண்டு வரிகளின் மேல் விரலை வைத்து, "அடிச்சிடு" என்றார். அடித்தேன். "அதுக்குப் பதிலா" என்று தொடங்கி, கண்ணை மூடிக்கொண்டார். நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்த மணி அடித்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்றார். மறுநாளும் அதே தாள், அதே பேனா. "நெற்றி" என்று ஒரு சொல் சொன்னார். பிறகு, "வேண்டாம், அதையும் அடிச்சிடு" என்றார். அதற்கு அடுத்த நாள் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். நாலாம் நாள் இறந்துபோனார்.

அவருடைய மகன் சாமான்களை எடுத்துப் போக வந்தார். "கடைசியில அப்பா யாரோடவும் பேசல. நல்லாத்தான் இருந்தாரு, திடீர்னு என்னவோ உள்ள ஒடிஞ்ச மாதிரி ஆயிட்டாரு" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். விரிப்பு மூட்டையை எடுக்க வந்த அக்கா வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டாள்.

அன்று கீழே போனேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வட்டக் கண்ணாடிக்குள் வெள்ளைத் துணிகள் சுற்றிச் சுற்றி விழுந்துகொண்டிருந்தன. "அவரு விரிப்பு இதுலதான் இருக்கு" என்றாள். "நான் சொல்லாம இருந்திருக்கலாமோ?"

மேலே போய் அண்ணனிடம் கேட்டேன். "எழுபத்தாறு வயசு, நுரையீரல் முழுக்க நீர். இவ சொல்லியா போனாரு? அவர மேல கொண்டு வந்தப்பவே டாக்டர் கையை விரிச்சிட்டாருன்னு சொல்லு" என்றான். அப்படியே போய்ச் சொன்னேன். அக்கா தலையாட்டினாள். ஆறுதல் அடைந்தவள் போலத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் மதியத்தில் நின்றபடி தூங்கி நான் பார்க்கவில்லை. உலர்த்தி ஓடும் நேரத்தில் நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, கம்பிச் சன்னலில் போகும் கணுக்கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "ஒரு சமயம் அவரு நிம்மதியா செத்திருக்கணும்னு தோணுது. ஒரு சமயம், எங்க அப்பா நிம்மதியா செத்தாரான்னு தோணுது" என்றாள் ஒருநாள். "ரெண்டையும் தராசுல வச்சா முள்ளு நிக்க மாட்டேங்குது."

கவிஞர் பணியாற்றிய கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. நான் போவதாகச் சொன்னதும் அக்காவும் வருகிறேன் என்றாள். எதற்கு என்று கேட்டேன். "மூணு நாள் போய்ப் பாத்தவரு. கடைசியா ஒருவாட்டி போயிட்டு வரேன்" என்றாள். தலையில் துண்டில்லாமல், வெளுத்த பழுப்பு நிற உடையில், எண்ணெய் வைத்து அழுந்த வாரிய தலையோடு வந்தாள். கூட்டம் நிறைந்திருந்தது. எங்களுக்குக் கடைசிக்கு முந்தைய வரிசையில்தான் இடம் கிடைத்தது.

தொடங்குவதற்கு முன் நான் கவிஞரின் மகனைத் தேடிப் போய் அந்தத் தாளைக் கொடுத்தேன். அப்பா கடைசியாகத் திருத்தச் சொன்னது என்றேன். அடித்த வரிகளைப் பார்த்தார். மரியாதையானவர். "ரொம்ப நன்றிங்க. கடைசியில அப்பாவுக்குக் கொஞ்சம் மறதியும் குழப்பமும் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நாலு பேர் பேசினார்கள். பெண்ணின் உடலைப் பாடாமல் ஆன்மாவைப் பாடியவர் என்று ஒருவர் சொன்னார். ஒரு முகத்தைக் கண்ட அரைமணி நேரத்தில் ஒரு உள்ளத்தின் முழு வரலாற்றையும் கண்டுவிட்டவர் என்று இன்னொருவர் சொன்னார். கைதட்டினார்கள். பிறகு ஒரு மாணவி மேடையேறி 'சன்னலோரத்துச் சாந்த'த்தைப் பாடினாள். இனிமையான குரல். துயரம் என்ற சொல்லை, என்று இழுத்து நிறுத்தி, இந்த நெற்றி இன்னும் படிக்கவில்லை, என்று மூன்று முறை பாடினாள். அரங்கமே உருகிக்கொண்டிருந்தது. நான் அக்காவின் பக்கம் திரும்பத் துணியவில்லை.

பாட்டு முடிந்ததும், மறைந்த கவிஞருக்காக இரண்டு நிமிட மௌனம் என்று அறிவித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். மின்விசிறிகள் மட்டும் சத்தம் போட்டன. இரண்டு நிமிடம் முடிந்து, நன்றி என்று ஒலிபெருக்கி சொன்னது. நாற்காலிகள் கிரீச்சிட எல்லோரும் உட்கார்ந்தார்கள். அக்கா உட்காரவில்லை. தூங்கிவிட்டாளோ என்று பயந்து அவள் கையைத் தொட்டேன். தூங்கவில்லை. பார்வை நேராக இருந்தது, விழித்திருந்தாள்.

மேடையில் அடுத்தவர் பேசத் தொடங்கிவிட்டார். பின்வரிசைக்காரர் குனிந்து, "அம்மா, ரெண்டு நிமிஷம் முடிஞ்சுபோச்சு. உக்காருங்க, மறைக்குது" என்றார்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையை மட்டும் தோள் உயரத்துக்குத் தூக்கி, வெந்நீரில் வெந்து வெளிறிய இரண்டு விரல்களை அவருக்குக் காட்டினாள்.